சில நாட்களின் வித்தியாசம்

1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், ஐரோப்பாவில் மகாயுத்தம் முடியும் தறுவாயில் இருந்தபோது, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் தங்கியிருந்த மாலுமிகளிடையே விஷஜுரம் ஒன்று பரவத் தொடங்கியது. அதே ஆண்டின் வசந்த காலத்தில் வந்துபோன ஜுரத்தைப் போல மூன்று நாள் படுக்கையோடு அது விட்டுவிடவில்லை. திடகாத்திரமான வாலிபர்கள் முகம் நீலம் பாரித்து, மூச்சுத் திணறி, சில நாட்களுக்குள் மாண்டனர். அவர்களைக் கொண்டுசேர்த்த செல்சி கடற்படை ஆஸ்பத்திரியில், இறந்தவர்களின் சரீரங்களை அறுத்துப் பார்த்து, மரணத்தின் காரணத்தைத் தேடும் பணியில் ஈடுபட்டிருந்தவர்களுள் ஒருவர், டென்னஸி மாகாணத்தைச் சேர்ந்த, முப்பது வயதைச் சற்றே கடந்திருந்த எர்னஸ்ட் வில்லியம் குட்பாஸ்சர் என்னும் நோய்க்குறியியல் நிபுணர்.

அவர் கண்ட பிரேதங்களுள் 18 வயது இளைஞன் ஒருவனுடையது மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. அவன் ஜுரத்தில் விழுந்தவன்தான். ஆனால் அதிலிருந்து ஏறத்தாழத் தேறிவிட்டவன். ஆறு வாரங்கள் கழிந்தபின் திடீரென்று இருமலோடு ரத்தம் கக்கி இறந்துபோனான். நுரையீரலின் காற்றறைகளில் ரத்தம் நிரம்பியிருந்தது. அதில் ஆச்சரியம் அதிகமில்லை, ஏனெனில் அந்த ஆண்டில் பலருடைய நுரையீரல் அப்படித்தான் இருந்தது. குட்பாஸ்சரை நிறுத்தி யோசிக்க வைத்தது சிறுநீரகம். ரத்தத்தை வடிகட்டும் நுண்குழல் முடிச்சுக்கள் வீங்கி, இடையிடையே அழுகி, அழற்சியின் அடையாளங்களைத் தாங்கி நின்றன. நுரையீரலும் சிறுநீரகமும் ஒரே சமயத்தில் இவ்வாறு சேதமுற்றதை அவர் 1919-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் பதிவு செய்தார். அக்கட்டுரையின் நோக்கம் விஷஜுரத்தின் காரணத்தை ஆராய்வதே. சிறுநீரகச் செய்தி அதில் ஒரு கிளைச் செய்தியாகவே வந்தது.

பின்னர் 39 ஆண்டுகள் அதைப்பற்றிப் பேசினார் அதிகமில்லை. 1958-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தில் ஸ்டான்டன், டாங்கே என்ற இருவர், நுரையீரலில் ரத்தக்கசிவும் சிறுநீரக அழற்சியும் கூடிவந்த ஒன்பது நோயாளிகளை விவரித்தபோது, பழைய கட்டுரையை நினைவுகூர்ந்து, அந்த ரோகத்துக்குக் குட்பாஸ்சரின் பெயரையே சூட்டிவிட்டனர். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்தப் பதினெட்டு வயது இளைஞனின் மண்ணீரலிலும் குடலிலும்கூடச் சிறு ரத்தக்குழாய்கள் அழற்சியுற்றிருந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று குட்பாஸ்சர் நோய் என்று நாம் அழைப்பது அவ்வாறு குடலையும் மண்ணீரலையும் தீண்டுவதில்லை. ஆகவே, அவனுக்கு வந்தது வேறொரு ரத்தக்குழாய் அழற்சியாகவே இருக்கக்கூடும் என்று பிற்கால வைத்தியர்கள் ஐயுறுகின்றனர். குட்பாஸ்சரின் மெய்யான கீர்த்தி வேறிடத்தில் இருக்கிறது: 1931-இல் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில், கோழிமுட்டைக் கருவில் வைரஸ்களை வளர்க்கும் முறையை அவரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தார்கள், பல தடுப்பூசிகள் அந்த முட்டையிலிருந்து பிறந்தன. அத்தகைய ஒருவரின் பெயர், அவர் நோக்கமின்றித் தொட்டுச் சென்ற ஒரு வியாதியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த வியாதி அபூர்வமானது. 10 லட்சம் பேருள்ள ஒரு நகரத்தில், ஆண்டு முழுவதற்கும் ஒருவருக்கு வந்தால் அதுவே அதிகம். இருபதுகளில் உள்ள ஆண்களையும், அறுபதைக் கடந்தவர்களையும், அவர்களிலும் பெண்களைச் சற்று மிகுதியாகவும், அது தேடிப் பிடிக்கிறது. இவ்வளவு அபூர்வமான ஒன்றுக்கு இந்நூலில் ஓர் அத்தியாயத்தை ஏன் ஒதுக்க வேண்டும் என்று வாசகர் கேட்பாராயின், அதற்கு விடை இதுதான்: சரீரம் தன்னையே பகைத்துக்கொள்ளும் வியாதிகளுள் எந்தப் பொருளின்மீது பகை, எந்த ஆயுதத்தால் தாக்குதல், அது எத்தனை நாள் நீடிக்கும் என்பவை இதில் தெரிந்திருக்கும் அளவுக்குத் தெளிவாக வேறு பலவற்றில் தெரியவில்லை. அத்தனையும் தெரிந்திருந்தும், நோயாளியின் கதி இன்றளவும் ஒரேயொரு விஷயத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது. அவர் வைத்தியரிடம் எந்த நாளில் வந்து சேர்ந்தார் என்பதே அது.

சேதமுறும் இடத்தை முதலில் பார்ப்போம். நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒவ்வொன்றின் தலைப்பிலும் பௌமானின் கிண்ணம் எனப்படும் குழிவுக்குள் கிளாமருலஸ் என்னும் நுண்குழல் முடிச்சு அமர்ந்திருக்கிறது. இருதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இம்முடிச்சுகளை நோக்கி ஓடிவந்து, நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்துத் தருகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போக எஞ்சியதெல்லாம் மீண்டும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. வடிப்பதற்கு ஒரு சல்லடை வேண்டுமல்லவா? குழலின் உட்சுவரில் நுண்ணிய ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. வெளிப்புறத்தில் கால்களை நீட்டிப் பின்னிக்கொண்ட செல்கள் அமர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரை மூவாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றின் பருமனே உடைய அடிச்சவ்வு என்னும் மெல்லிய தகடு விரிந்திருக்கிறது. நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் ஒன்றோடொன்று முறுக்கேறிப் பிணைந்து அந்தத் தகட்டை ஆக்கியிருக்கின்றன. குட்பாஸ்சர் நோயில் சரீரத்தின் எதிர்ப்பொருள்கள் சென்று பற்றிக்கொள்வது இந்த அடிச்சவ்வையே.

இதை நிரூபிப்பதற்குப் பல தேசத்தார் உழைத்திருக்கின்றனர். 1930-களில் ஜப்பானைச் சேர்ந்த மட்டாஸோ மசுகி, எலியின் சிறுநீரகத்தை அரைத்து முயலுக்குள் செலுத்தி, அம்முயலின் ரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளை எடுத்து மீண்டும் எலிக்குச் செலுத்த, எலிக்குச் சிறுநீரக அழற்சி உண்டாயிற்று. ஒரு பிராணி தயாரித்த எதிர்ப்பொருள் வேறொரு பிராணியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இதனால் தெளிந்தது. ஆனால், தன் சிறுநீரகத்தின்மீதே ஒரு பிராணி எதிர்ப்பொருளை உண்டாக்குமா? 1962-இல் ஸ்டெப்லே என்பவர் மனிதனின் அடிச்சவ்வைச் செம்மறியாடுகளுக்குச் செலுத்தினார். ஆடுகள் அதற்கு எதிராகத் தயாரித்த பொருள் அவற்றின் சொந்தச் சிறுநீரகங்களிலேயே போய்ப் படிந்து, அவற்றைக் கொன்றது.

மனிதர் விஷயத்தில் இறுதிச் சாட்சியம் 1967-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் லா ஹோயா நகரில் ரிச்சர்டு லெர்னர், ரிச்சர்டு கிளாஸக், ஃபிராங்க் டிக்ஸன் ஆகிய மூவரும், இந்நோய் கண்டவர்களின் சிறுநீரகங்களை எடுத்து, அமிலக் கரைசலில் ஊறவைத்து, திசுவில் ஒட்டியிருந்த எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றைக் குரங்குகளின் ரத்தத்தில் செலுத்தியபோது, அவை சிறுநீரகத்தின் அடிச்சவ்வில் வரிசையாகப் படிந்தன. குரங்குகளுக்குச் சிறுநீரில் புரதம் இறங்கி அழற்சி கண்டது. நோயாளியிடமிருந்து எடுத்த பொருளே நோயை வேறோர் உயிரினத்தில் உண்டாக்கிக் காட்டுவது போன்ற நிரூபணம், தன்னெதிர்ப்பு வியாதிகளின் சரித்திரத்தில் எளிதில் வாய்ப்பதன்று. இன்றும் நோய்க்குறியியல் கூடத்தில் இதே காட்சியைக் காணலாம். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த நூலளவு சதையை, ஒளிரும் சாயமேற்றிய எதிர்ப்பொருளில் தோய்த்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், இருண்ட களத்தில் ஒவ்வொரு முடிச்சின் வளைவு நெளிவையும் தொடர்ந்து செல்லும் பச்சைக் கோடு ஒன்று, அறுபடாமல், ஒரே பருமனாக ஒளிர்கிறது. வேறு அழற்சிகளில் அது புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். கோடாகத் தெரிந்துவிட்டால் அனுபவமுள்ள நிபுணருக்கு நோயின் பெயரைச் சொல்ல வெகுநேரம் ஆவதில்லை.

ஆனால் கொலாஜன் சரீரமெங்கும் இருக்கிறதே, நுரையீரலும் சிறுநீரகமும் மட்டும் ஏன் அகப்பட வேண்டும்? பில்லி ஹட்ஸன் முதலிய ரசாயனிகள் 1980-களிலிருந்து இக்கேள்வியை நுணுகிப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள்கள் தேடுவது, நான்காம் வகைக் கொலாஜனின் ஆறு வகைச் சங்கிலிகளுள் மூன்றாவதான ஆல்ஃபா-3 சங்கிலியின் நுனித்துண்டை என்று அறியப்பட்டது. அச்சங்கிலி சிறுநீரகத்தின் முடிச்சு, நுரையீரலின் காற்றறை, உட்செவி, கண் போன்ற சில ஸ்தானங்களில் மாத்திரமே செறிந்துள்ளது. மேலும் அந்த நுனித்துண்டு சாதாரண நிலையில் வெளியே தெரியாது. மற்றச் சங்கிலிகளோடு அறுமடியாகக் கூடி, தன் முகத்தை உள்ளே திருப்பி மறைத்துக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் அக்கூட்டு குலைந்து, மறைந்த முகம் வெளிப்படும்போதுதான் பகைமை மூள்கிறது. பிறவியிலேயே சிலரிடம் இதற்குச் சாய்வு இருக்கிறது: நோயாளிகளுள் பத்தில் எட்டுப் பேருக்கு ஹெச்.எல்.ஏ. டி.ஆர்-15 என்ற திசு அடையாளம் காணப்படுகிறது. அதைத் தாங்கிய கோடிக்கணக்கானோர் நோயின்றி வாழ்கிறார்களாதலின், அதைக் காரணமென்று சொல்வதற்கில்லை. சாய்வு என்றே சொல்ல வேண்டும்.

சிறுநீரக முடிச்சில் குழலின் ஜன்னல்கள் எப்போதும் திறந்திருப்பதால் எதிர்ப்பொருள் தடையின்றி அடிச்சவ்வைச் சென்று சேர்கிறது. நுரையீரலிலோ குழலின் சுவர் மூடியது. அதைத் திறந்துவிட ஏதேனும் ஒரு சேதம் முன்பே வேண்டும், அதைச் செய்வதில் புகையிலையின் புகைக்கு நிகர் கிடையாது. 1983-இல் லண்டனில் வெளியான ஒரு கணக்கில், இந்நோய் கண்ட 37 புகைப்பழக்கத்தாருள் 37 பேருக்கும் நுரையீரலில் ரத்தம் கசிந்தது. புகைக்காத பத்துப் பேரில் இருவருக்கு மட்டுமே கசிந்தது. பெட்ரோல், கரைப்பான் முதலியவற்றின் ஆவியும் சிலரிடம் இதே வேலையைச் செய்ததாக வைத்தியர்கள் எழுதியுள்ளனர். அழற்சி பற்றிய இந்நூலில் சுருட்டையும் சிகரெட்டையும் பலமுறை குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நேர்ந்திருக்கிறது. இவ்வளவு கறாரான சாட்சியம் மற்ற வழக்குகளில் கிடைக்கவில்லை.

நோயாளிக்கு இவையெல்லாம் எவ்வாறு தென்படும்? பெரும்பாலும் தென்படாமலேதான் தொடங்கும். அசதி, உடல்வலி, பசியின்மை, சற்றே சுரம். மழைக்காலத்தில் யாருக்கும் வரக்கூடியவை. பிறகு சிறுநீர் டிகாஷன் நிறத்துக்கு மாறும்; அளவு குறையும்; கால் வீங்கும். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருமலில் ரத்தம் வரும். சிலருக்கு ரத்தம் வெளியே வராமல் நுரையீரலுக்குள்ளேயே தேங்கிப் போவதால், காரணம் புலப்படாத சோகையும் மூச்சிரைப்புமே முதல் அறிகுறியாகும். உள்ளே இதற்குள் சில முடிச்சுகளின் சவ்வு கிழிந்து, ரத்தத்திலுள்ள ஃபைப்ரின் பௌமானின் கிண்ணத்துக்குள் கசிந்திருக்கும். அதைக் கண்டு கிண்ணத்தின் சுவர்ச் செல்கள் அளவுமீறிப் பெருகி, முடிச்சைச் சுற்றி வளைந்து நெருக்கும். அறுத்துப் பார்க்கும்போது அது பிறை வடிவில் இருப்பதால் வைத்தியர்கள் பிறை என்றே அழைக்கிறார்கள். செல்களால் ஆன பிறை, மருந்துக்குக் கட்டுப்பட்டுக் கரையக்கூடும். சில வாரங்கள் சென்றபின், செல் போய் நாராக இறுகிய பிறையில் எந்த மருந்தும் வேலை செய்யாது. இந்தச் சில வாரங்களுக்குள், சில சமயம் சில நாட்களுக்குள், இருபது லட்சம் முடிச்சுகளில் பெரும்பாலானவை அவிந்துவிடுகின்றன. சிறுநீரில் ரத்த அணுக்களையும் புரதத்தையும் காட்டிவிடும் சாதாரணச் சோதனை சில ரூபாய்க்கு எந்த ஊரிலும் கிடைக்கிறது. ஜுரம்தானே, சளிதானே என்று அதைத் தள்ளிப்போடும் நாட்களில்தான் நோய் முந்திக்கொண்டுவிடுகிறது.

1970-கள் வரையில் இந்த வியாதியின் பெயரைச் சொல்வதும் மரணத்தைச் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. நுரையீரலில் ரத்தம் பெருகியோ, சிறுநீரகம் செயலிழந்தோ நோயாளிகளில் மிகுதியானோர் இறந்தார்கள். லண்டனின் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் மார்ட்டின் லாக்வுட், கீத் பீட்டர்ஸ் முதலியோர் அப்பத்தாண்டின் நடுவில் ஒரு யுக்தியைக் கையாண்டார்கள். எதிர்ப்பொருள் தயாராவதை மருந்தால் நிறுத்தினாலும், ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள் பாதியாகக் குறையவே மூன்று வாரம் ஆகும். அதுவரை சிறுநீரகம் காத்திருக்காது. ஆகவே அதை நேரடியாக வெளியே எடுத்துவிட வேண்டும். பிளாஸ்மா மாற்று என்ற இந்தச் சிகிச்சையில் கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய சிரையிலிருந்து ரத்தம் யந்திரத்துக்குச் சென்று, அங்கே செல்கள் ஒரு பக்கமும், வைக்கோல் நிறமுள்ள பிளாஸ்மா மறுபக்கமும் பிரிகின்றன. பிளாஸ்மா பைகளில் சேர்ந்து வெளியேற, அதற்கு ஈடாக ஆல்புமின் கரைசலைக் கலந்து செல்கள் மீண்டும் உள்ளே திரும்புகின்றன. நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம், பொதுவாக 14 நாட்கள். ஒரே நாளில் முடிக்க முடியாததற்குக் காரணம், எதிர்ப்பொருளில் ஏறத்தாழப் பாதி ரத்தக்குழாய்க்கு வெளியே திசுக்களில் பதுங்கியிருந்து, இடம் காலியாக ஆக உள்ளே வந்துகொண்டேயிருப்பதுதான். கூடவே, அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டும், எதிர்ப்பொருளை விளைக்கும் செல்களை ஒடுக்க சைக்ளோஃபாஸ்ஃபமைடும் கொடுக்கப்படுகின்றன. பின்னது இரண்டு மூன்று மாதங்களோடும், முன்னது ஆறு மாத அளவிலும் நிறுத்தப்படும். வேறு தன்னெதிர்ப்பு வியாதிகளில் ஆயுள் முழுவதும் மருந்து விழுங்குவோர் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள். இந்நோயின் சுபாவமே அப்படி: ஒருமுறை மூர்க்கமாக வந்து, அடங்கிவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை.

அதே ஆஸ்பத்திரியில் 25 ஆண்டுகளில் இம்முறையில் சிகிச்சை பெற்ற 71 பேரின் கணக்கு 2001-இல் வெளியாயிற்று. இந்த வியாதியின் வருங்காலத்தைப் பற்றி யார் பேசினாலும் அக்கணக்கைத் தொடாமல் பேசுவதில்லை. சிறுநீரகத்தின் பலவீனத்தை அளக்க ரத்தத்திலுள்ள கிரியாட்டினினைப் பார்ப்பது வழக்கம். ஆரோக்கியமானவருக்கு அது டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இருக்கும். வந்து சேர்ந்தபோது கிரியாட்டினின் 5.7-க்குக் கீழிருந்தவர்கள் 19 பேர். ஓராண்டு கழித்து அவர்கள் எல்லோரும் உயிரோடிருந்தார்கள். அவர்களில் 95 சதவீதத்தினரின் சிறுநீரகங்கள் வேலை செய்துகொண்டிருந்தன. அந்த அளவைத் தாண்டியும் உடனே டயாலிசிஸ் தேவைப்படாத 13 பேரில், பிழைத்தவர்களும் சிறுநீரகம் தப்பியவர்களும் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல். வந்தபோதே டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 39 பேர். அவர்களில் ஓராண்டின் முடிவில் உயிரோடிருந்தோர் 65 சதவீதம், சிறுநீரகம் மீண்டோர் 8 சதவீதம். வைத்தியமும் மருந்தும் எல்லோருக்கும் ஒன்றே. 95-க்கும் 8-க்கும் இடையிலுள்ள தூரம், பலருடைய விஷயத்தில், ஒன்றிரண்டு வாரங்களில் கடந்துவிடக்கூடிய தூரம். மூன்று வகுப்பிலும் பெரியது கடைசி வகுப்பு என்பதையும் கவனிக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் காலங்கடந்தே வந்தனர்.

இதை அறிந்த வைத்தியர்கள் இன்று சந்தேகம் வலுத்தவுடனேயே, சதைப் பரிசோதனையின் முடிவுக்குக்கூடக் காத்திராமல், சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் தொடங்காமல் இருக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு, அதைத் தீர்மானிப்பதே இத்துறையில் மிகவும் கடினமான காரியம். டயாலிசிஸில் வந்து சேர்ந்தவர். பரிசோதித்த முடிச்சுகள் அத்தனையிலும் பிறை. நுரையீரலில் கசிவு இல்லை. இப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகம் மீள்வது ஏறத்தாழ நடவாத ஒன்று, ஹாமர்ஸ்மித் கணக்கில் ஒருவருக்கும் மீளவில்லை. மருந்தோ கிருமிகளை எதிர்க்கும் சக்தியைப் பறித்துவிடும். சாத்தியம், அசாத்தியம் என்று வியாதிகளை வகுத்த நம் பழைய வைத்தியர்கள், அசாத்தியத்தில் கைவைத்தால் வைத்தியனுக்குப் பழி என்று ஒதுங்கினார்கள். இங்கே ஒதுங்குவது வைத்தியனின் நன்மைக்காக அன்று, நோயாளியின் நன்மைக்காக. நுரையீரலில் கசிவு இருந்தால் இந்த வாதமெல்லாம் செல்லாது: அப்போது உயிர் காக்கச் சிகிச்சை வேண்டும், சிறுநீரகத்தின் கதி எதுவாயினும் சரி.

புதிய முயற்சிகளில் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, நம் எதிர்ப்பொருள்களைக் குறுக்கே வெட்டித் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நொதியை வைத்திருக்கிறது. இம்லிஃபிடேஸ் என்ற பெயரில் அந்த நொதியையே மருந்தாக்கி ஒருமுறை செலுத்தினால், ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் சில மணி நேரத்தில் துண்டாகிவிடுகின்றன. ஐரோப்பாவில் 15 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்ததில், ஆறு மாதத்தின் முடிவில் 10 பேர் டயாலிசிஸ் இல்லாமல் இருந்தார்கள் என்று 2022-இல் வெளியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்கச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த மறுபிரிவு இல்லாத, பதினைந்தே பேர் கொண்ட சோதனை அது. அதை வைத்துக் கொண்டாடுவது என் சுபாவத்துக்கு ஒவ்வாது. பகைவனின் கத்தியைப் பிடுங்கி நோய்க்கு எதிராகத் திருப்பிய சாமர்த்தியத்தை வியக்கலாம்.

சிறுநீரகத்தை இழந்தவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில், எதிர்ப்பொருள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மாற்றுச் சிறுநீரகத்தைப் பொருத்த, அதையும் அவை தாக்கி அழித்த அனுபவம் வைத்தியர்களுக்கு உண்டு. இப்போது, எதிர்ப்பொருள் ரத்தத்தில் இல்லையென்று தெரிந்து குறைந்தது ஆறு மாதம் கழிந்தபின்பே பொருத்துகிறார்கள். அவ்வாறு பொருத்தியவர்களிடம் நோய் திரும்புவது வெகு அபூர்வம். கொடையாளியின் சிறுநீரகத்திலும் அதே அடிச்சவ்வும், அதே ஆல்ஃபா-3 சங்கிலியும் இருக்கின்றன. ஆல்போர்ட் நோய் என்னும் பரம்பரை வியாதியில் பிறவியிலேயே இச்சங்கிலி இல்லாதவர்கள் மாற்றுச் சிறுநீரகம் பெறும்போது, நூற்றில் மூவர் முதல் ஐவர் வரை, அதுவரை கண்டிராத அப்புரதத்தை அந்நியமென்று எண்ணிப் புதிதாக எதிர்ப்பொருள் தயாரிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குட்பாஸ்சர் நோயாளியின் சரீரம் ஒருமுறை பகைத்த அதே பொருளைப் பிற்பாடு சும்மா விட்டுவிடுவது எவ்வளவு புதிரானது என்பது விளங்கும். 2003-இல் ஹாமர்ஸ்மித் ஆய்வாளர்கள், நோய் தணிந்துவரும் மாதங்களில் குட்பாஸ்சர் நோயாளிகளுடைய ரத்தத்தில், ஆல்ஃபா-3 சங்கிலியைக் கண்டு சீறும் செல்களை அடக்கிவைக்கும் ஒருவகை டி-செல்கள் இருப்பதைக் கண்டார்கள். நோய் மும்முரமாக இருக்கும்போது அந்த அடக்கம் தென்படவில்லை. அந்தச் செல்களைச் சில மாதங்கள் முன்னதாகவே வரவழைக்க வழி உண்டா என்பதைத்தான் ஆய்வாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.